புகைக்கு ஒரு விரதம்

எண்பதுகளின் நடுவில் தீவுப்பகுதி ஆசுபத்திரி ஒன்றில் தாதியாக இருந்தேன். வேலை சத்திரசிகிச்சை அறையில். வெட்டிய இடத்தில் இரத்தம் கசிந்தால் மின்சாரத்தால் சுட்டு அடைக்கும் கருவி ஒன்று அப்போதுதான் எங்களுக்கு வந்திருந்தது. டொக்டருக்கு அதில் கொள்ளை ஆசை. புதுச் சைக்கிள் கிடைத்த பெடியன் மாதிரி, தேவைக்கும் சுட்டார், தேவையில்லாததற்கும் சுட்டார். சுடச்சுட நீலப்புகை எழும்பி, குனிந்து நிற்கிற எங்கள் முகத்துக்கு நேரே வரும். தூசி வரக்கூடாதென்று யன்னல்கள் சாத்தியிருக்கும். துணி முகமூடி அந்தப் புகைக்குக் காணாது. கருகின கொழுப்பு மணம் தலைமயிரில் ஏறி வீடு வரைக்கும் கூட வரும். எனக்கு மூக்கு நுனியில் கோபம். ஆனால் புகையோடு யார் சண்டை பிடிப்பது?

விளக்கைத் திருப்பிப் பிடிக்கிற உதவியாளர் நயினாதீவுக்காரி. புருசன் வெளிநாட்டில். கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருவாள். எங்கள் அறையில் வேலை பின்னேரம் முடிந்துவிடும், குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஓடினால் ஊருக்குப் போகிற கடைசி லோஞ்சைப் பிடிக்கலாம். வார்டுக்கு மாற்றினால் இரவு வேலை.

சத்திரசிகிச்சை நாட்களில் வேலை முடிந்ததும் அவள் நடைபாதையில் சுவரோடு சாய்ந்து நிற்பாள். நெஞ்சு விசிலடிப்பது எனக்கே கேட்கும்.

"மூச்சு இழுக்குது, இது முட்டு வருத்தமெல்லோ? டொக்டரிட்டைச் சொல்லும்" என்றேன்.

"ஐயோ மிஸி, சொல்லிப்போடாதேங்கோ. வருத்தக்காரியெண்டு வார்டு வேலைக்கு மாத்தினால், இரவிலை பிள்ளையை நான் ஆரிட்டை விடுறது?"

வாயை மூடிக்கொண்டேன். மூடினதே தவிர மனம் ஆறவில்லை.

நயினாதீவில் அம்மன் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறியது. அடுத்த நாள் சத்திரசிகிச்சை தொடங்க முதல் அவள் டொக்டரின் முன்னால் போய் நின்றாள்.

"டொக்டர், எனக்கு விரதம். இந்தப் புகை இறைச்சி சுடுற மாதிரி மச்ச மணம். உள்ளுக்குப் போனால் விரதம் முறிஞ்சிடும்."

டொக்டர் நெடுந்தீவுக் கத்தோலிக்கர். இறைச்சி இல்லாமல் சோறு இறங்காது. ஆனாலும் பிறத்தியாரின் விரதத்தோடு விளையாட மாட்டார். என்னிடம் திரும்பினார்.

"இரத்தம் உறிஞ்சிற குழாயைச் சுடுற இடத்துக்குக் கிட்டப் பிடியும் பாப்பம்."

அவர் சுடத் தொடங்கியதும் பிடித்தேன். எழும்பின புகை அப்படியே குழாய்க்குள் போய்விட்டது. அன்றைக்கு நடைபாதையில் அவள் சுவரைத் தேடவில்லை. அடி கள்ளி, முட்டென்று சொன்னால் இந்த அறை வேலை போகும், விரதமென்று சொன்னால் புகை போகும் என்று கண்டுபிடித்திருக்கிறாளே! எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது.

கோயிலில் தீர்த்தத் திருவிழாவும் முடிந்தது. அடுத்த சத்திரசிகிச்சை நாள் வந்தது.

"விரதம் முடிஞ்சுதுதானே. குழாய் கைக்கு இடைஞ்சல்" என்று டொக்டர் அதைத் தள்ளி வைத்தார். புகை பழையபடி மேலே வந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் இருமலை அடக்க முடியாமல் தோளைக் குலுக்கத் தொடங்கினாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"டொக்டர், எனக்கு விரதம்" என்றேன்.

"உமக்கோ? என்ன விரதம்?"

"வெள்ளிக்கிழமை விரதம்."

"இண்டைக்குப் புதன்கிழமையெல்லோ?"

என் முகம் சுட்டது. டொக்டர் சிரிக்கவில்லை. கருவியை நிறுத்தினார். அந்த அமைதியில் அவளுடைய நெஞ்சின் விசில் எல்லாருக்கும் கேட்டது. டொக்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நானே அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டேனோ?

"இந்த அறைக்குள்ளை நிக்கிற ஆக்களுக்கு இனி எல்லா நாளும் விரதம்" என்றார் டொக்டர். பிறகு காயத்தைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்: "வேறை ஒண்டும் என்ரை காதிலை விழேல்லை. குழாயைப் பிடியும்."