சுங்கை பட்டாணிக்குப் பத்துக் கட்டை நடந்தும் பார்க்காத பந்தாட்டம்

இந்தப் பதிவில் வருபவை:

1. யார், எப்போது, எதற்காகப் போனோம்
2. வழி, தூரம், நேரம்
3. ஜனங்கள் ஆட்டத்தின் மேல் பைத்தியமாக இருப்பது கண்ணால் பார்க்கும் சுகத்துக்காகத்தான் என்ற என் கருத்து
4. அதே வழியில் இப்போது போக விரும்புகிறவர்களுக்கு

வரிசை போட்டுக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது. வயது எண்பத்தாறு. நினைவில் பிசகு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலாயாவில் ஜப்பான்காரர் ஆட்சியின் இரண்டாவது வருஷம். பீடோங்கிலிருந்து மூன்று கட்டை உள்ளே இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் சின்னக் கிராணி, அதாவது ஆபீஸ் எழுத்தர். மைலை அப்போது கட்டை என்றுதான் சொல்வோம். எங்கள் தோட்டத்தில் பால் வெட்டிய ஆறுமுகம் நல்ல கோல்கீப்பர். சுங்கை பட்டாணிக் கடைக்காரர்கள் நடத்திய பந்தாட்டக் கட்சி அவரைக் கூலிக்கு எடுத்திருந்தது. ஜெயித்தால் ஆட்டத்துக்கு இரண்டு படி அரிசி, தோற்றால் ஒன்றுமில்லை. மரவள்ளிக்கிழங்கே சாப்பாடாக இருந்த காலத்தில் அது பெரிய சம்பளம்.

அவருடைய ஆட்டம் எதையும் விடாதவர் முனியாண்டி அண்ணன், இன்னொரு பால் வெட்டுக்காரர். ஆறுமுகத்துக்கு அவர் உறவும் இல்லை, அந்த அரிசியில் அவருக்கு ஒரு பிடியும் இல்லை. கோலுக்குப் பின்னால் நின்று தொண்டை கிழியக் கத்துவார். ஒரே ஒரு தடவை காய்ச்சலில் படுத்துவிட்டார். அன்று கட்சி நாலு கோல் வாங்கித் தோற்றது. இன்னொன்று தோற்றால் வேறு ஆளைப் போடுவோம் என்று கடைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

"நான் நிக்காததாலதான் ஆறுமுகம் தோத்தான், தம்பி. இந்த ஆட்டத்துக்கு என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துடு. உனக்குத்தான் கணக்கு வரும்" என்று அண்ணன் என்னிடம் சொன்னார்.

நோட்டீஸில் மாலை ஐந்து மணி என்று இருந்தது. ஜப்பான்காரர் வந்ததும் கடிகாரங்களைத் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னே தள்ளி வைக்கச் சொல்லியிருந்தார்கள். ஆபீஸ் கடிகாரம் அப்படித்தான் ஓடியது. நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளிலோ எல்லாரும் பழைய நேரத்திலேயே இருந்தோம். என் சட்டைப்பைக் கடிகாரமும் பழைய நேரம்தான். நோட்டீஸ் தமிழில், கையால் எழுதியது. தமிழில் எழுதியவர் பழைய நேரத்தைத்தான் போட்டிருப்பார் என்று முடிவு செய்து அட்டவணை தயாரித்தேன்.

பகல் ஒரு மணிக்குக் கிளம்பினோம். பீடோங் இரண்டு மணி. கால் மணி ஓய்வு. அங்கிருந்து சுங்கை பட்டாணி ஏழு கட்டை. ஒரு கட்டை தாண்டியதும் கரியில் ஓடும் லாரி ஒன்று புகையோடு வந்து நின்றது. மலாய்க்கார ஓட்டுநர் தலையை நீட்டி, "நாயிக்?" என்றார், ஏறுகிறீர்களா என்று. ஆளுக்கு மூன்று வெள்ளி, அதாவது மூன்று டாலர். அண்ணன் மடியில் கைவைத்தார். அட்டவணைப்படி நேரம் இருக்கிறது, எதற்குச் செலவு என்று தடுத்தவன் நான்தான். பாலத்தில் நின்ற ஜப்பான் சிப்பாய்க்குக் குனிந்து வணங்கினோம். நான் பயத்தில் இரண்டு தடவை.

நாலே முக்காலுக்குப் பாடாங் என்ற ஊர்த் திடல் அருகே சேர்ந்தோம். கால் மணி முன்னதாக! ஆனால் கூட்டம் எங்களுக்கு எதிரே வந்துகொண்டிருந்தது.

அண்ணன் ஒருவரை நிறுத்தினார். "ஆட்டம் எப்பண்ணே?"

"முடிஞ்சிருச்சிலா! மணி ஆறேகால் ஆகுது, இப்ப வந்து கேக்குறீங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"தோத்துட்டானா?"

"ரெண்டு சைபர்ல ஜெயிச்சாச்சு. ஆறுமுகம் ஒண்ணைக்கூட உள்ள விடல."

அவர் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். "நான் இல்லாமயா?" என்றார்.

எதிரே இருந்த காப்பிக்கடைக்கு அவரைக் கூட்டிப்போனேன். காப்பி ஆளுக்கு அறுபது காசு. உண்மையில் அது வறுத்த சோளம். அங்கே ஆட்டம் மேசை மேல் மறுபடி நடந்துகொண்டிருந்தது. பால் டின்தான் ஆறுமுகம். கொட்டைப்பாக்கு பந்து. "எந்தக் கையால புடிச்சான்?" என்று அண்ணன் கேட்டார். ஒருவர் இடது என்றார், ஒருவர் வலது என்றார், இன்னொருவர் நெஞ்சால் என்று அடித்துச் சொன்னார். சண்டை வந்தது, சிரிப்பு வந்தது. அண்ணனும் எழுந்து டின்னை நகர்த்தி, அவன் அங்கே நின்றிருக்கவே மாட்டான் என்று வாதாட ஆரம்பித்தார்.

அப்போது ஆறுமுகமே சின்ன அரிசி மூட்டையோடு வந்தார். "எங்கண்ணே போனீங்க? இடது பக்கம் போடா, வலது பக்கம் போடான்னு பின்னால கத்த ஆளில்ல. நிம்மதியாப் பந்தை மட்டும் பார்த்தேன்!"

கடையே சிரித்தது. அண்ணனும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

அன்று ஒரு கடைக்காரரின் கிடங்கில் தங்கி, காலையில் திரும்பினோம். நேரத்தைக் கோட்டைவிட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் காதில் வாங்கவில்லை. பீடோங் வந்ததும் நின்றார். "வீட்டுல படுத்திருந்தேன், தோத்தான். நடந்து போனேன், ஆனா பார்க்கல. ஒரு கோல்கூட வாங்கல. புரியுதா தம்பி?"

எனக்குப் புரியவில்லை.

இப்போது போகிறவர்களுக்கு: பீடோங்கிலிருந்து பழைய ரோட்டில் சுமார் பதினோரு கிலோமீட்டர். காரில் இருபது நிமிஷம். நடப்பதானால் விடிந்ததும் கிளம்புங்கள். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். யாராவது வண்டி நிறுத்தினால் ஏறிக்கொள்ளுங்கள். ஆட்டம் எத்தனை மணிக்கு என்று ஊரில் இரண்டு பேரிடமாவது கேளுங்கள். என்னிடம் கேட்காதீர்கள்.

அடுத்த ஆட்டத்துக்குத் தோக்கியோ நேரப்படியே அட்டவணை போட்டேன். அதே பத்துக் கட்டை. அரை மணி முன்னதாகவே சேர்ந்தோம். முனியாண்டி அண்ணன் பாடாங்குக்குள் வரவில்லை. நேரே காப்பிக்கடைக்குப் போய், நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கூட்டம் கத்தும்போதெல்லாம் மேசையைப் பிடித்துக்கொண்டு, "புடிச்சிட்டான்" என்பார். திரும்பவே இல்லை. ஒன்றுக்கு சைபர் என்று யாரோ ஓடி வந்து சொன்னபோது, அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பாடாங்கில் நின்று பார்த்தவர்களிடம் நான் காணவில்லை.

ஆகவே மேலே மூன்றாவதாக, கண்ணால் பார்க்கும் சுகத்துக்காகத்தான் என்று எழுதியது தவறு.