சீட்டைப் பிடித்தவள்

இது கட்டுக்கதை இல்லை. கதை கட்டுகிறவன் பேயை நடுராத்திரியில்தான் கொண்டுவந்து நிறுத்துவான். சுடுகாடு, புளியமரம் என்று வசதியாக இடமும் பார்த்து வைப்பான். இது நடந்தது பட்டப்பகலில். போன மே மாதம், கத்திரி வெயிலில், காடாம்புலியூர் முந்திரிக்காட்டில். நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் ஒருநாள் உச்சிவேளையில் தனியாக அங்கே போய் நின்று பார்த்துவிட்டு வந்து என்னோடு பேசட்டும்.

இளமதி மேல்பட்டாம்பாக்கத்துப் பெண். இன்ஜினியரிங் முடித்துவிட்டு, கடலூரில் எலக்ட்ரிக் சைக்கிள் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். செய்து முடித்த வண்டியை ஓட்டிப் பார்த்து அதில் குறை கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. குறை சொல்லச் சம்பளமா என்று அவள் வீட்டில் இன்றைக்கும் கேலி செய்வார்கள். ஆனால் அவள் சரி என்று சொல்லாமல் ஒரு வண்டிகூட அந்த ஷெட்டைத் தாண்டாது.

அன்றைக்கு அவள் கையில் இருந்தது மலையேறுகிற எலக்ட்ரிக் சைக்கிள். கடலூரில் ஏது மலை, கெடிலம் பாலம்தானே இருப்பதிலேயே பெரிய மேடு என்று சிரிக்காதீர்கள். வண்டி சிதம்பரத்து வெங்கட்ராமுக்கு. நான்கு நாள் லீவு கிடைத்தால் கொல்லிமலைக்குக் கிளம்பிவிடுகிற ஆள். அந்தக் கம்பெனியில் ஓட்டலில் தோசைக்குச் சொல்வது போல வண்டிக்குச் சொல்லலாம். பேட்டரி இவ்வளவு பெரிசு, மோட்டார் இந்த வகை, ஹேண்டில்பார் இவ்வளவு அகலம் என்று. வெங்கட்ராம் கேட்டது இருப்பதிலேயே நீளமான ஷாக் அப்சார்பர், சுருக்கமாக ஷாக். முன்னாலும் பின்னாலும் கிட்டத்தட்ட ஒரு சாண் அமுங்கும். பாறை மேலிருந்து குதித்தாலும் இடுப்புக்குத் தெரியாது. ஆனால் ஓட்டுகிறவர் எடைக்குத் தகுந்தபடி ஷாக்கில் காற்று அடிக்க வேண்டும். அதில் தப்பு நடந்தால் இறக்கத்தில் ஆளைத் தூக்கி அடித்துவிடும்.

“கிள்ளைப் பக்கம் மணல்ல ஓட்டிப் பாத்துட்டு வரேன்” என்று மெக்கானிக் ராஜவேலிடம் சொல்லிவிட்டு, வண்டியைக் குட்டி வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். கடலூரைத் தாண்டுவதற்குள் மனசு மாறியது. மணலில் இந்த ஷாக்குக்கு என்ன வேலை? பள்ளம் வேண்டும், சரிவு வேண்டும். வேனைப் பண்ருட்டிப் பக்கம் திருப்பினாள். ராஜவேலுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

அதாவது, அவள் எங்கே இருக்கிறாள் என்பது அந்த நேரத்தில் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

முந்திரிக்காட்டுக்கு நடுவே மழைத் தண்ணீர் அறுத்து அறுத்து உண்டாக்கிய செம்மண் ஓடை ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கமும் இரண்டு ஆள் உயரத்துக்குச் செங்குத்தான கரை. கை வைத்தால் பொலபொலவென்று உதிரும். ஒரு முனையை முள் வெட்டிப் போட்டு அடைத்திருந்தார்கள். மறுமுனையில் இறங்க ஒரே ஒரு சரிவு. ஏறவும் அதே சரிவுதான்.

வேனை மேலே நிறுத்திவிட்டு, முதுகில் தண்ணீர்ப் பையை மாட்டிக்கொண்டு, சரிவில் வண்டியை விட்டாள். சர்ர்ரென்று இறங்கியது. வேர், கல், குழி எதுவுமே தெரியவில்லை. வெங்கட்ராம் கொடுத்துவைத்தவர் என்று நினைத்துக்கொண்டாள். பின் ஷாக் மட்டும் கொஞ்சம் தொளதொளப்பாக இருந்தது. இறங்கிக் காற்று அடித்தாள்.

காற்று அடித்தால் திரும்ப அளந்து பார்க்க வேண்டும். ஷாக்கில் சின்னதாக ஒரு ரப்பர் வளையம் இருக்கும். ஆள் ஏறி உட்கார்ந்ததும் ஷாக் அமுங்கி அந்த வளையத்தைத் தள்ளும். எவ்வளவு தள்ளியது என்று பார்த்தால் கணக்குத் தெரிந்துவிடும். ஆனால் காலைத் தரையில் ஊன்றாமல் உட்கார வேண்டும். அதற்கு வண்டியை இன்னொருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். ஷெட்டில் ராஜவேல் பிடிப்பான். இங்கே யார்?

நிமிர்ந்து பார்த்தாள். கரை நிழலில் ஒரு பெண் நின்றிருந்தாள். வெளுத்துப்போன பச்சைப் புடவை. தலையில் துண்டு. முந்திரிக்கொட்டை பொறுக்க வந்தவளாக இருக்கும்.

“அக்கா, இந்த சீட்ட கொஞ்சம் புடிச்சிக்கறீங்களா? ஒரே நிமிசம்.”

அந்தப் பெண் வந்தாள். உள்ளங்கைகளில் தோலே இல்லை. கன்றிச் சிவந்திருந்தது. முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து வடிகிற பால் பட்டால் இப்படித்தான் வெந்துபோகும், பாவம் என்று இளமதி நினைத்தாள். அந்தப் பெண் பின்னால் போய் சீட்டைப் பிடித்தாள்.

ராஜவேலிடம் தினமும் சொல்கிற அதே வார்த்தையைத்தான் இளமதி இவளிடமும் சொன்னாள்.

“நான் சொல்ற வரைக்கும் விட்ராதீங்க.”

பின்னாலிருந்து மெதுவாக ஒரு குரல்.

“சொல்லுவ இல்ல?”

“சொல்றேங்க்கா.”

ஏறி உட்கார்ந்தாள். இறங்கிக் குனிந்து பார்த்தாள். வளையம் சரியாக நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. அந்தச் சந்தோஷத்தில் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறி மோட்டாரைப் போட்டாள். டிஸ்பிளேயில் மணி 12.10. பேட்டரி முக்கால்வாசிக்கு மேல் இருந்தது.

சரிவில் பாதி தூரம் ஏறியது. அப்புறம் நின்றுவிட்டது.

மோட்டார் நிற்கவில்லை. கிர்ர்ர்ரென்று முக்கிக்கொண்டே இருந்தது. பின் சக்கரம் மண்ணை வாரி இறைத்தது. வண்டி மட்டும் நகரவில்லை. பிறகு மெல்ல... பின்பக்கமாகவே... கீழே வந்துவிட்டது.

மோட்டாரில்தான் கோளாறு என்று நினைத்தாள். குறை கண்டுபிடிக்கிறவளுக்கு வேறென்ன தோன்றும்? அந்தப் பெண்ணைக் காணவில்லை. போயிருப்பாள். திரும்ப ஏற்றினாள். அதே இடம். அதே மாதிரி. மூன்றாவது தடவை இறங்கி, ஷாக்கைக் குனிந்து பார்த்தாள்.

வளையம் அடிவரைக்கும் தள்ளப்பட்டிருந்தது. ஒரு ஆள் எடைக்கு அப்படித் தள்ளாது.

வண்டியில் யாருமே இல்லை. சும்மா ஸ்டாண்டில் நிற்கிறது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின் ஷாக்... உஸ்ஸ்... என்று இன்னும் கொஞ்சம் அமுங்கியது.

இளமதி இரண்டு எட்டு பின்னால் நகர்ந்தாள்.

மணி 12.40. பேட்டரி ஒரே ஒரு கோடு. அரை மணி நேரத்தில் அவ்வளவு பெரிய பேட்டரி காலியாக வழியே இல்லை. போனை எடுத்தாள். சிக்னல் இல்லை. காக்கா குருவிச் சத்தம்கூட இல்லை. அழுகிய முந்திரிப்பழ வாடை மட்டும் மூச்சை அடைத்தது.

வண்டி எக்கேடும் கெடட்டும். வேன் மேலேதான் நிற்கிறது. நடந்து ஏறிவிடலாம். நாலு எட்டுத்தான்.

ஏறினாள்.

பாதிச் சரிவில் பை இழுத்தது.

முள்ளில் மாட்டியிருக்கும் என்று கையைப் பின்னால் விட்டுத் தடவினாள். முள் இல்லை. ஒன்றுமே இல்லை. ஆனால் பை விறைப்பாகப் பின்னால் இழுபட்டு நின்றது. உதறிக் கழற்றினாள். பை கீழே விழவில்லை. அப்படியே... அந்தரத்தில்... ஒரு நொடி நின்றது. பிறகு விழுந்தது.

அலறிக்கொண்டு ஓடினாள். இரண்டு எட்டு. சட்டை இறுகியது. பின்கழுத்துக் காலரை யாரோ கொத்தாகப் பிடித்திருந்தார்கள். இழுக்கவில்லை. அடிக்கவில்லை. விடவில்லை, அவ்வளவுதான்.

“யாரு... யாரு அது...”

கரையைப் பிறாண்டினாள். மண் பெயர்ந்து முகத்தில் கொட்டியது. சறுக்கிக் கீழே வந்தாள். திரும்ப ஏறினாள். திரும்பச் சறுக்கினாள். தொண்டை கிழியக் கத்தினாள். முந்திரிக்காடு அந்தச் சத்தத்தை அப்படியே விழுங்கிவிட்டது. பையிலிருந்த தண்ணீரெல்லாம் செம்மண்ணில் கொட்டி, காய்ந்தும் போயிருந்தது.

ராஜவேல் தேடுவான். கிள்ளையில் தேடுவான். பிச்சாவரம் வரைக்கும்கூடப் போய்த் தேடுவான். இங்கே யாரும் வரப்போவதில்லை. இந்த வெயிலில் சாயங்காலம் வரைக்கும் உயிர் தாங்காது. அவளுக்கே அது தெளிவாகத் தெரிந்தது.

மணி 1.15.

கண் இருட்டியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அப்போது காதுக்குப் பக்கத்தில்... மூச்சுக்காற்று படுகிற தூரத்தில்...

“சொல்லுவ இல்ல?”

இளமதி அசையாமல் நின்றாள்.

பிடிக்கச் சொன்னது அவள்.

விடச் சொல்லவே இல்லை.

உதடு ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. இருக்கிற உயிரையெல்லாம் திரட்டிச் சொன்னாள்.

“போதும்க்கா... விட்டுடுங்க.”

ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு, ரொம்ப நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சை யாரோ விடுகிற மாதிரி... ஒரு பெருமூச்சு.

காலர் தளர்ந்தது.

அதே நேரத்தில் கரைக்கு அந்தப் பக்கம், காட்டுக்குள்ளே... தொம்ம்ம்... என்று பூமிக்கு அடியில் ஒரு சத்தம். மரங்களுக்கு மேலே சிவப்பாகப் புழுதி எழுந்தது.

அவள் எப்படிச் சரிவேறினாள், எப்படி வேனை எடுத்தாள் என்று இன்று வரைக்கும் அவளுக்கு ஞாபகம் இல்லை.

அன்று ராத்திரி முழுக்கக் காய்ச்சல் கொதித்தது. பேட்டரி தீர்ந்துவிட்டது, வண்டியைக் காடாம்புலியூர் ஓடையிலேயே விட்டுவிட்டேன் என்று மட்டும் ராஜவேலுக்குப் போனில் சொன்னாள். மறுநாள் காலையில் அவன் கிளம்பியபோது, இடம் காட்ட ஆள் வேண்டுமே என்று இவளும் போக வேண்டியதாயிற்று.

ஓடைக்குள் அவள் இறங்கவில்லை. ராஜவேல் மட்டும் இறங்கி, வண்டியை ஆன் பண்ணிவிட்டு மேலே பார்த்துச் சிரித்தான்.

“இன்னா மேடம், பேட்டரி செத்துப்போச்சுன்னீங்க? முக்காலுக்கு மேல காட்டுது.” குனிந்து ஷாக்கையும் பார்த்தான். “வளையமும் வச்ச எடத்துலயே கரெக்டா நிக்குது. வண்டி மேல ஒரு தப்பும் இல்ல.”

மோட்டாரைப் போட்டு ஒரே மூச்சில் சரிவேறி வந்துவிட்டான்.

அதற்குள் ஒருவர் கையை ஆட்டிக்கொண்டு தோப்புக்குள்ளிருந்து ஓடிவந்தார். தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் தட்சிணாமூர்த்தி.

“தம்பி, அந்தாண்ட போயிடாதீங்க. நேத்து மத்தியானம் பழைய கெணறு உள்வாங்கிடுச்சு. எம்மாம் ஆழம்னே தெரியல.”

“இங்க ஏதுங்க கெணறு?” என்றான் ராஜவேல்.

“மூடன கெணறு தம்பி. எட்டு வருசம் ஆவுது. தங்கம்மாள்னு ஒரு பொண்ணும் அவ ஊட்டுக்காரனும் இங்க காவலுக்கு இருந்தாங்க. மோட்டார் மாட்டிக்கிச்சுன்னு அவன் கயித்தக் கட்டிக்கினு உள்ள எறங்கனான். கயித்த அந்த மரத்துல ஒரு சுத்து சுத்தி அவ கையில குடுத்துட்டு, நான் சொல்ற வரைக்கும் விடாதன்னு சொல்லிட்டு எறங்கியிருக்கான், அந்தாண்ட ஆடு ஓட்டிக்கினு போன பசங்க கேட்டிருக்காங்க. பக்கமண்ணு சரிஞ்சி மூடிக்கிச்சு. அவ இழுத்துப் பாத்திருக்கா, வரல. உட்டுட்டு ஆளக் கூப்புட ஓடியிருக்கலாம் இல்ல? ஓடல. உட்டா அவன் போயிடுவான்னு புடிச்சிக்கினே நின்னிருக்கா. இதே மாதிரி கத்திரி வெயிலு. பொழுது சாய நாங்க வந்து பாக்கறப்போ உயிரு இல்ல. ஆனா கையி கயித்த உடல தம்பி. வெரலப் பிரிக்க முடியாம கயித்ததான் அறுத்தோம். அவன வெளிய எடுக்கவே முடியல. அப்படியே மண்ண தள்ளி மூடிட்டோம்.”

இளமதி வேன் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பறம் உச்சிவேளையில இந்த ஓடப்பக்கம் யாரும் வர்றதில்ல. மாடு வந்தா மாடு நின்னுடும். ஆளு வந்தா ஆளு நின்னுடும். ரெண்டு பேரு சுருண்டு உழுந்து செத்தே போயிட்டாங்க. அவ புடிச்சா உடமாட்டா.” தட்சிணாமூர்த்தி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஆனா நேத்து நடந்ததுதான் எங்களுக்குப் புரியல. கொட்ட பொறுக்கற பொம்பளைங்க அந்தக் கோடியில சோறு தின்னுகினு இருந்தாங்க. ஒண்ணேகால் மணி இருக்கும். தொம்முனு கெணறு உள்ள போச்சு. அப்பறம் அந்த மண்ணுக்குள்ளேருந்து ஒரு ஆம்பளக் கொரலு. எல்லாரும் கேட்டிருக்காங்க.”

“இன்னான்னு?” என்று கேட்டான் ராஜவேல்.

“‘நான் இன்னும் சொல்லவே இல்லியேடி’ன்னு.”

தட்சிணாமூர்த்தி இளமதியை ஏற இறங்கப் பார்த்தார்.

“எட்டு வருசமா உடாதவ நேத்து எதுக்கு உட்டா? நேத்து இங்க ஒரு வேன் நின்னுச்சுன்னு பொம்பளைங்க சொன்னாங்க. நீதானம்மா அது? உனக்கு ஏதாச்சும் தெரியுமா?”

இளமதி இல்லை என்று தலையை ஆட்டினாள். ராஜவேல் வண்டியை வேனில் ஏற்ற, பின்பக்கம் கொஞ்சம் பிடிங்க மேடம் என்று கூப்பிட்டான். அவள் போகவில்லை.