தோளில் இருந்த கை

அம்மாவின் தோளில் இருந்த கையை நான்தான் அழித்தேன். எட்டாவது படிக்கும்போது. போனில் ரப்பர் மாதிரி ஒரு படம் இருக்கும். அதைத் தொட்டுவிட்டு விரலால் தேய்த்தால் போதும்.

அது சித்தியின் கை. அம்மாவுக்கு ஒரே தங்கை. வேறு சாதியில் ஒருவரைக் கட்டிக்கொண்டு பாலக்காட்டுப் பக்கம் போய்விட்டாள். அதோடு எங்கள் வீட்டில் அவள் பேச்சு நின்றது. அம்மாவின் போனில் இருந்த அவள் படங்களை அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தார். அவிநாசித் தேருக்குப் போனபோது எடுத்த ஒன்றில் அம்மா நன்றாக இருந்தாள். அதில் மட்டும் சித்தியை வெட்டிவிட்டு அம்மாவை விட்டுவைத்தார். கையை வெட்ட முடியவில்லை. அம்மா தோளிலேயே தங்கிவிட்டது.

போனில் இடம் இல்லை என்று வரும்போதெல்லாம் அம்மா வேறு எதையாவது அழிப்பாள். அந்தப் படத்தைத் தொடமாட்டாள். நான் பார்த்திருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் போஸ்டர் செய்யச் சொன்னார்கள். ‘எங்கள் வீட்டு உழைப்பாளி’ என்று தலைப்பு. கம்ப்யூட்டர் அறையில் டீச்சர் செய்து காட்டினார். நாங்கள் வீட்டில் போனில் செய்து அவருக்கு அனுப்ப வேண்டும். நல்லதாகப் பத்து எடுத்து, பெற்றோர் கூட்டத்தன்று சுவரில் ஒட்டுவார்கள். அதுவரை என் பெயர் எதிலும் வந்ததில்லை. இதில் வர வேண்டும் என்று இருந்தது.

அம்மாவுக்கு நூல் மில்லில் வேலை. அவள் மட்டும் நிற்கிற படம் வேறு இல்லை. அதையே வைத்தேன். பின்னால் நூல்கண்டு வரிசை, மேலே மஞ்சள் எழுத்து.

மறுநாள் டீச்சர் எல்லாருடையதையும் திரையில் போட்டார். என்னுடையது வந்ததும் பின்னால் ஒருத்தி கேட்டாள்.

“ஏண்டி, உங்கம்மாளுக்கு மூணு கையா?”

“அதான் மில்லுல ரெண்டு மெசினு ஓட்டறாங்க” என்றாள் இன்னொருத்தி.

வகுப்பே சிரித்தது. டீச்சருக்கும் சிரிப்பு வந்தது.

“நல்லா செஞ்சிருக்கறே கண்ணு. அந்தக் கையை மட்டும் எடுத்துபோடு. சுத்தமா இருக்கும்” என்றார்.

அன்று சாயங்காலம் எடுத்தேன். ஒவ்வொரு விரலாகத் தேய்த்தேன். சேலை நிறத்தை அந்த இடத்தில் பூசினேன். கை இருந்ததே தெரியவில்லை. சேமிக்கப் போனால் இடம் இல்லை என்றது. புதுசு நன்றாக இருக்கும்போது பழசு எதற்கு என்று பழைய படத்தை அழித்தேன். குப்பைத்தொட்டியிலும் போய் அழித்தால்தான் இடம் கிடைக்கும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அங்கேயும் போய் அழித்தேன். டீச்சருக்கு முதலில் அனுப்பியதையும் அழித்துவிட்டுப் புதுசை அனுப்பினேன்.

பத்தில் என்னுடையது வந்துவிட்டது.

கூட்டத்தன்று அம்மா அரை நாள் லீவு போட்டு வந்தாள். தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. நான் கையைப் பிடித்து இழுத்துப் போய்ச் சுவருக்கு முன்னால் நிறுத்தினேன். அம்மா பார்த்தாள்.

“இதுல ஒரு கை இருந்துதே?”

“எடுத்துபோட்டேன். எல்லாரும் சிரிச்சாங்கம்மா.”

அம்மா பையிலிருந்து போனை எடுத்துத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

“பழைய படம் எங்க அம்மணி?”

“அழிச்சாச்சு. போன்ல எடம் பத்தலை.”

“திருப்பிக் கொண்டார முடியுமா?”

“முடியாதும்மா. குப்பையிலயும் அழிச்சுபோட்டேன்.”

“செரி” என்றாள். திட்டவில்லை. டீச்சரிடம் போய், “புள்ளைக்கு நல்லா சொல்லிக் குடுத்திருக்கறீங்க” என்று சொல்லிவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். போனை மடியில் வைத்துக்கொண்டாள்.

கை இல்லாதது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்தேன். போனை வாங்கி, போஸ்டர் செய்கிற இடத்தில் கை என்று போட்டுத் தேடினேன். வரிசை வரிசையாக வந்தது. வளையல் போட்ட ஒன்றை எடுத்து, அளவைச் சின்னதாக்கி, தோளில் வைத்துக் காட்டினேன்.

அம்மா அதை ரொம்ப நேரம் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்குது” என்றாள்.

எனக்குச் சந்தோஷமாகிவிட்டது.

“மருதாணி வெச்ச கையும் இருக்குதும்மா. அதை வெக்கட்டுமா?” என்று கேட்டேன்.