கேட் விழுந்தால்தான் காலைச் சாப்பாடு

சைனிக்புரியில் நான் இப்போது இருக்கும் குடியிருப்பில் போன ஞாயிறு ஒரு டயட்டீஷியன் வந்து பேசினார். காலை உணவைத் தவிர்க்கக் கூடாதாம், நிதானமாக மென்று சாப்பிட வேண்டுமாம். பாதியில் எழுந்து வந்துவிட்டேன். எதைச் சாப்பிட வேண்டும் என்று சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. எப்போது என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

எழுபதுகளில் நான் மல்காஜ்கிரியிலிருந்து ராமச்சந்திராபுரத்துத் தொழிற்சாலைக்குப் போய்வந்தேன். மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றும் வேலை. ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி. விடியுமுன் கம்பெனி பஸ் வந்துவிடும். அதற்குள் தண்ணீர் பிடித்து, கணவருக்கும் பையனுக்கும் டப்பா கட்ட வேண்டும். என் டப்பாவைக் கட்ட நேரம் இருக்கும், சாப்பிட இருக்காது. கேன்டீன் சோறு மதியம்தான். அதிலும் மிளகாய் மட்டும்தான் தாராளம்.

இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது டாக்டரம்மா கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டுத் திட்டினார்.

“ரத்தமே இல்லையேம்மா. இப்படியே போனா பிரசவத்துல உயிருக்கே ஆபத்து. கீரை, முட்டை, ஈரல்லாம் சாப்பிடு.”

“எப்ப டாக்டர்?”

“வேளாவேளைக்கு.”

கையில் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எறிந்திருப்பேன்.

பஸ்ஸில் சாப்பிடலாமே என்பீர்கள். அந்த ரோட்டில் அது குதிக்கிற குதியில் ஒரு வாய் உள்ளே போனால் இரண்டு வாய் வெளியே வரும். ஆனால் புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் ஒரு ரயில்வே கேட் உண்டு. கூட்ஸ் வண்டி போகும்வரை பஸ் நிற்கும். ஆண்கள் கேட்டைத் திட்டுவார்கள். பின் சீட்டுப் பெண்களான நாங்கள், அது விழ வேண்டும் என்று வேண்டிக்கொள்வோம். விழுந்ததும் டப்பாக்கள் திறக்கும். என் முளைகட்டிய பயறு, லட்சுமியின் கோங்குரா பப்பு என்கிற புளிச்சக்கீரைப் பருப்பு, சுல்தானாவின் ஈரல் வறுவல். இன்றும் எங்காவது ஈரல் வதங்கினால் எனக்கு டீசல் புகையும் சேர்ந்தே மணக்கிறது.

எனக்குக் குமட்டும். சுல்தானா விடமாட்டாள். “நக்கோ வக்கோ குச் நை, சுப் காலே!” வேண்டாம் கீண்டாம் எல்லாம் கிடையாது, பேசாமல் தின்னு என்று அர்த்தம்.

முன் சீட்டில் ஒரு அக்கவுண்ட்ஸ்காரர், தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார். “இது பஸ்ஸா, மிலிட்டரி ஹோட்டலா?”

“உங்களைக் கவனிக்க வீட்ல மாமி இருக்காங்க சார். எனக்கு யாரு மாமி?”

என்றேன். பஸ்ஸே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

அடுத்த தடவை டாக்டரம்மா, “பரவாயில்ல, ரத்தம் ஏறுது” என்றார். எனக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது, அந்த கேட்டுக்கு மேலே கட்டிய மேம்பாலத்தைத் திறந்துவிட்டார்கள். ரிப்பன், பேண்டு வாத்தியம், லட்டு. ஊரே கொண்டாடியது. பஸ் நிற்காமல் மேலே ஏறி இறங்கிப் போனது. மிச்சமான நேரத்துக்கு இனி பஸ் தாமதமாகப் புறப்படும் என்று நினைத்தேன், மண்டு. அடுத்த வாரமே இன்னொரு காலனிக்கும் சுற்றிப் போகச் சொல்லிவிட்டார்கள்.

டிரைவர் மல்லய்யாவிடம் கெஞ்சினேன். “பாலம் தாண்டினதும் அஞ்சு நிமிஷம் நிறுத்துங்கண்ணா.” நல்ல மனிதர், ஒரு நாள் நிறுத்தினார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த முன் சீட்டுக்காரர்கள் புகார் எழுதினார்கள். அதன்பின் கேட்டபோது, “டைம் லேதம்மா”, நேரமில்லை என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

பிரசவத்தில் எனக்கு ரத்தம் ஏற்ற வேண்டி வந்தது. சுல்தானாவுக்கும் எனக்கும் ஒரே குரூப். முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு கட்டிலருகே நின்று அவள் பாஷையில் சொன்னாள்: “ஈரலா குடுக்க விடல இவனுங்க. ரத்தமாவே எடுத்துக்கோ.” எனக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. பிழைத்தோம், நானும் குழந்தையும்.

சுல்தானா மகனோடு சவூதிக்குப் போய் அங்கேயே போய்ச் சேர்ந்தாள். கம்பெனி பஸ்ஸும் எங்கள் பக்கம் வருவதில்லை. ஒருநாள் ஆட்டோவில் அந்தப் பாலத்தின் மேல் போனேன். தடுப்புச் சுவர் வைத்து, கீழே தண்டவாளம்கூடத் தெரியாமல் செய்துவிட்டார்கள். பாலத்தால் எவ்வளவு சௌகரியம் என்றார் ஆட்டோக்காரர். ஒரு பெண் யாரையும் கெஞ்சாமல் சாப்பிட, அந்தச் சாலையில் இருந்தது ஒரே இடம். அதைத்தான் எடுத்துவிட்டார்கள்.