லயத்தைப் பார்த்து மட்டம் எடுக்காத வீடு

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லயக்காம்பராவின் அடுப்படித் தரை ஒரு பக்கம் சரிந்திருந்தது. பானை கழுவிய தண்ணீர் வெளியே வடிகால் கானுக்குப் போகாமல் அடுப்பு மூலைக்கு வந்து தேங்கும். அம்மா அங்கே ஓர் உரச்சாக்கை மடித்துப் போட்டிருப்பார். கொழுந்து எடுத்துவிட்டு மழையில் ஊறிய காலோடு வந்து, அந்த ஈரச் சாக்கின்மேல் நின்று சமைப்பார். வீடு கட்டக் காணி கிடைத்தபோது அப்பா பெரிய ஜன்னல் வேண்டும் என்றார். அம்மா கேட்டது ஒன்றுதான்: காய்ந்த தரையில் நின்று சோறாக்க வேண்டும்.

நான் கட்டடத் தொழில்நுட்பம் படித்தவள். ஹட்டனில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் சைட் மேற்பார்வை பார்க்கிறேன். எங்கள் வேலை தொடங்குமுன் தோட்டத்து டிவிசனில் புதிதாக எழும்பிய வீடுகளை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன். நல்ல கல், நல்ல சீமெந்து. ஆனால் அங்கேயும் அடுப்படி மூலைகளில் சாக்கு கிடந்தது.

காரணம் நூலில் இருந்தது. எங்கள் பக்கத்தில் அத்திவாரத்துக்கு நூல் கட்டும்போது பக்கத்து லயத்தின் வாசற்கட்டைப் பார்த்துத்தான் கட்டுவார்கள். அதன் விளிம்பும் நூலும் கண்ணுக்கு ஒன்றாக ஓடினால் மட்டம் சரி. வெள்ளைக்காரன் கட்டியது கோணாது என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. அதே மனிதன் எங்களை எந்த மாதிரிக் காம்பராவில் வைத்தான் என்பதை அந்த நேரத்தில் மறந்துவிடுவார்கள்.

எங்கள் காணியிலும் நூல் கட்டியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கொங்கிரீட். சைட்டில் இருக்கும் மட்டம் பார்க்கும் கருவி முதலாளியுடையது, கேட்டாலும் தரமாட்டார். சனிக்கிழமை காலை அப்பாவைக் கூட்டிக்கொண்டு, எனக்கென்று ஒரு லேசர் லெவல் வாங்க ஹட்டன் டவுனுக்குப் போனேன்.

கடைக்காரர் அப்பாவைப் பார்த்துத்தான் பேசினார்.

“மேசன் பாஸுக்கு வாங்கிட்டுப் போறீங்களா ஐயா?”

“எனக்குத்தாங்க,” என்றேன்.

“தங்கச்சிக்கா? அப்ப இதப் பாருங்க. பன்னிரண்டு கோடு. சுவரு, சீலிங், தரை எல்லாத்துலயும் அடிக்கும். கோயில் திருவிழா மாதிரி இருக்கும்.”

“திருவிழா வேணாங்க. ஒரு கோடு நேரா வந்தாப் போதும்.”

எனக்கு வேண்டியவற்றை முன்பே வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். வெளிச்சத்தில் சிவப்பைவிடப் பச்சைக் கோடு கண்ணுக்கு நன்றாகத் தெரியும், அதனால் பச்சை. தானாகவே மட்டத்துக்கு வந்து நிற்க வேண்டும். வர முடியாத அளவு சரிந்தால் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். உள்ளே தொங்கும் ஊசலுக்குப் பூட்டு வேண்டும், ஏனென்றால் தோட்டத்து ரோட்டில் ஆட்டோவில் வந்தால் பூட்டாத ஊசல் உயிரோடு வீடு சேராது. முக்காலியில் பொருந்த வேண்டும். எங்கள் மலையில் ஒரு பெட்டியை நேராக வைக்கத் தரை ஏது? இதெல்லாம் இருந்தாலும், காட்டும் கோடு உண்மையாக இருக்க வேண்டும். அதைப் பெட்டியில் அச்சடித்த எழுத்து சொல்லாது.

“இதத் திறந்து சோதிக்கணும்,” என்றேன்.

“பெட்டியப் பிரிச்சா அப்புறம் யாரு வாங்குவா?”

“சரியா இருந்தா நான் வாங்குவேன். சரியில்லன்னா யாரும் ஏங்க வாங்கணும்?”

“வா போயிருவோம்,” என்று அப்பா என் கையைப் பிடித்தார். நான் நகரவில்லை. பின்னால் நின்ற இரண்டு பேர், “திறந்து காட்டுங்களேன் முதலாளி,” என்றார்கள். அவர்களுக்கு வேடிக்கை பார்க்க ஆசை. கடைக்காரர் பெட்டியைப் பிரித்தார்.

கருவியைக் கடையின் ஒரு கோடியில் வைத்து, எதிர்ச் சுவரில் கோட்டின் இடது முனை விழுந்த இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்தேன். பிறகு கருவியை மெல்லத் திருப்பி வலது முனையை அதே புள்ளிக்குக் கொண்டுவந்தேன். பன்னிரண்டு கோட்டுக்காரன் ஒரு தீக்குச்சித் தடிப்பளவு கீழே விழுந்தான். அந்தச் சின்னக் கடைக்குள்ளேயே அவ்வளவு என்றால் வீட்டு நீளத்துக்கு எவ்வளவு? அடுத்து, மேல்தட்டில் தூசி படிந்திருந்த சாதாரண இரண்டு கோட்டுக் கருவியை இறக்கச் சொன்னேன். அதன் இரு முனைகளும் புள்ளியின்மேலேயே விழுந்தன. 

“அது பழைய மாடல் தங்கச்சி.”

“இருக்கட்டுங்க. இதத் தாங்க.”

சாயங்காலம் வெயில் இறங்கி மூடுபனி வரத் தொடங்கியதும், லயத்துக்கும் எங்கள் காணிக்கும் நடுவில் முக்காலியை ஊன்றினேன். பச்சைக் கோடு லயத்தின் முதல் காம்பராவில் வாசற்கட்டின் விளிம்பைத் தொட்டது. கடைசிக் காம்பராவில் விளிம்புக்கு ஒரு சாண் மேலே நின்றது. மலை சரிந்த பக்கமே லயமும் சரிந்திருந்தது. அந்த லயத்தைப் பார்த்துக் கட்டிய எங்கள் நூலும் அப்படியே சரிந்திருந்தது.

“மெசின் பிழையா இருக்கும்,” என்றார் அப்பா.

நான் மேசன் மாமாவைப் பார்த்தேன். எங்கள் நூலைக் கட்டியவர் அவர்தான்; அதே லயத்தில் பிறந்தவர், எனக்கு முறைக்கு மாமா. “நீங்க மட்டம் பாக்குற தண்ணிக் குழாயக் கொண்டாங்க மாமா. அதுலயும் பாத்துருவோம்.”

அவர் குழாயை எடுக்கப் போகவில்லை. வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: “எனக்குத் தெரியாதுன்னா நெனைக்கிற புள்ள? மொத வீட்ட மட்டமாத்தான் கட்டுனேன். லயத்துக்குப் பக்கத்துல நிக்கையில அது கோணலாத் தெரிஞ்சிச்சு. ‘கள்ளுக் குடிச்சிட்டுக் கட்டிட்டான்’னு ஊரே சிரிச்சிச்சு. அப்புறம் லயத்தயே பாத்துக் கட்டுறேன். ஒருத்தரும் வாயத் தொறக்கல.”

பக்கத்துக் காம்பரா அத்தையும் வந்துவிட்டார். “ஆமா, நாலு பேரு பாக்குற வீடு. படிச்ச புள்ள கட்டுன வீடு கோணலா நின்னா நல்லாவா இருக்கு?”

“பாக்குற நாலு பேரா அத்தை நம்ம அடுப்படியில நிக்கப் போறாங்க?”

“வாயப் பாரு இவளுக்கு!”

அப்பாவுக்கும் ஊர் சிரிக்குமோ என்று பயம். அம்மா அதுவரை ஓரமாக நின்று, சுவரில் ஓடும் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். 

“அந்தக் கோட்டப் பாத்துக் கட்டுனா தண்ணி எங்க போகும்?”

“தரையக் கான் பக்கம் நாமளே கொஞ்சம் சாய்ச்சிருவோம் அம்மா. நேராக் கானுக்குப் போகும்.”

“லயத்தப் பாத்துக் கட்டுனா?”

நான் எங்கள் காம்பராவின் அடுப்பு மூலைப் பக்கம் கையைக் காட்டினேன். அம்மா மேசன் மாமாவிடம் திரும்பினார். 

“அந்த நூல அவுத்துருங்கண்ணே.”

“ஆளுங்க சிரிப்பாங்க தங்கச்சி.”

“சிரிக்கட்டும். நான் அடுப்பப் பாத்துக்கிட்டுத்தான் நிப்பேன், எனக்கு அது தெரியாது.”

மாமா அவிழ்த்தார். ஒவ்வொரு முளைக்கம்பிலும் பச்சைக் கோடு விழுந்த இடத்தில் நான் கோடு கிழித்தேன், அவர் நூலை இழுத்துக் கட்டினார். ஞாயிற்றுக்கிழமை அந்த நூலுக்குத்தான் கொங்கிரீட் போட்டோம்.

ரோட்டிலிருந்து பார்த்தால் எங்கள் வீடு இன்றைக்கும் கோணல்தான். பஸ்ஸில் போகிறவர்கள் தலையைச் சாய்த்துப் பார்ப்பார்கள். கட்டினது யார் என்று கேட்டால் மேசன் மாமா என்னைக் காட்டிவிடுகிறார். காட்டட்டும். கருவியைக் கொண்டுபோய் லயத்தின்மேல் கோடு அடித்துக் காட்ட எனக்கு நேரம் இருக்கிறது.

குடிபோன அன்று அம்மா பால் பொங்கி முடித்ததும் ஒரு வாளித் தண்ணீரை அடுப்படித் தரையில் கவிழ்த்தார். அது மூலைக்கு வராமல் கானைத் தேடிப் போனது. அப்பா பழக்கத்தில் சாக்கையும் சாமான்களோடு தூக்கி வந்திருந்தார். அம்மா அதை வெளியே கொண்டுபோய், நாய் படுக்கிற இடத்தில் விரித்துவிட்டு வந்தார்.