பகலில் சாத்திய கதவு

ஜெர்மனிக்குப் படிக்க வந்த முதல் வாரம். விடுதியில் என் அறைக் கதவு, கையை விட்டதும் தானாகப் போய் ‘டக்’கென்று சாத்திக்கொள்ளும். தாழ்வாரம் நெடுக எல்லாக் கதவுகளும் அப்படித்தான் மூடிக் கிடந்தன. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் உத்திரமேரூர் பக்கத்து எங்கள் வீட்டு வாசல் கண்முன் வந்து நிற்கும்.

அங்கே பகலில் யாரும் கதவைச் சாத்த மாட்டோம். காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்கப் பழைய அம்மிக்குழவியை முட்டுக் கொடுத்திருப்போம். பத்தாவது படிக்கும்போது ஒருநாள், பரீட்சைக்குப் படிக்க வேண்டுமென்று குழவியை உருட்டிவிட்டுக் கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுச் செல்வி அக்கா, பாத்திரம் தேய்த்த ஈரக்கையோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

“இன்னாடி ஆச்சு? பட்டப்பகல்ல கதவு சாத்திக்கீது! ஒடம்பு சரியில்லயா?”

“படிச்சிக்கினு கீறேன்க்கா.”

“அத தொறந்து வச்சிக்கினு படியேன்!”

என் நெற்றியைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் போனாள். போகும்போது குழவியை மறுபடி முட்டுக் கொடுத்தாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஒரு அறை வேண்டுமென்று அம்மாவிடம் அழுதேன்.

அந்த அறை இப்போது கிடைத்திருக்கிறது. நேற்று எனக்குக் காய்ச்சல். கதவிடுக்கில் செருப்பை வைத்துத் திறந்துவிட்டுப் படுத்திருந்தேன். பக்கத்து அறைப் பெண் வந்து நின்றாள். நான் எழுந்து உட்கார்ந்தேன். அவள் சிரித்தாள். செருப்பை எடுத்து ஓரமாக வைத்தாள். எனக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதென்று, சத்தமே வராமல் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.