ஒரு தட்டு என்றால் நில்

வண்டியின் ஓட்டப் புத்தகத்தில் அந்தக் காலையில் நிறுத்திய மணிகளுக்கு எதிரே, காரணமாக, இரண்டே சொற்கள் இருக்கின்றன: ‘பனியால் தாமதம்.’ எழுதியவன் நான். அது பொய். பொய்யை எழுத்தில் வைத்தவன் உண்மையையும் எழுத்தில் வைக்க வேண்டும். வழியில் நிறுத்தினால் மணி குறிப்பது டிரைவரின் கடமை. ஆகவே கீழே வரும் நேரங்கள் சரியானவை. மற்றதும் நடந்தபடிதான்.

1943, மார்கழி. திருத்தணியில் ஒரு தரும சங்கம் ஆம்புலன்ஸ் வண்டி வைத்திருந்தது. நான் அதன் டிரைவர். பெயர் பஞ்சாட்சரம். நானும் அட்டெண்டர் கோதண்டமும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். ஐந்து வாரம் ஆகியிருந்தது.

யுத்த காலம். பெட்ரோல் கிடையாது. வண்டியின் பின்னால் ஆளுயரக் கரி உலை ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். கரி எரிந்து வரும் வாயுவில் என்ஜின் ஓடும். கிளம்புமுன் ஊதுசக்கரத்தைக் கையால் இருபது நிமிஷம் சுற்ற வேண்டும். குளிர் என்றால் அரை மணி. கரியில் பனி இறங்கினால் அதுவும் போதாது. அதற்காகவே கரிமூட்டையை என் கட்டிலுக்கடியில் வைத்திருந்தேன். வழியில் நிறுத்தினால் என்ஜின் அணையும், நெருப்பு அடங்கும். மறுபடி ஐந்து நிமிஷம் சுற்றல்.

செயலாளர் கஜபதிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. விதி எழுதத் தெரியும். ஏழு விதிகளை அச்சடித்து என் இருக்கைக்கு எதிரே ஒட்டியிருந்தார். நோயாளி ஏறிய பின் வழியில் நிறுத்தக் கூடாது. இது இரண்டாவது. அட்டெண்டர் நோயாளியை விட்டு நகரக் கூடாது. இது மூன்றாவது. பின்னறையிலிருந்து தடுப்புப் பலகையில் ஒரு தட்டு கேட்டால், காரணம் கேளாமல் நிறுத்த வேண்டும். இது ஐந்தாவது. இரண்டாவதும் ஐந்தாவதும் ஒரே காகிதத்தில் எப்படி இருக்க முடியும் என்று ஒருமுறை கேட்டேன். மறுபடி படித்துப் பார் என்றார்.

ஏழாவது பனிக்காலத்துக்கானது. ஜன்னல், கதவிடுக்கு, தடுப்பிலுள்ள சின்னத் திறப்பு எல்லாவற்றையும் சாக்குத் துணியால் அடைக்க வேண்டும். நோயாளிக்குக் குளிர் ஆகாது.

அடைத்தோம்.

அன்று அதிகாலை நாலு பத்துக்கு அம்மையார்குப்பத்திலிருந்து ஒரு நெசவாளி சைக்கிளில் வந்தார். பெயர் கிருஷ்ணன். மனைவி காஞ்சனாவுக்கு முந்தின நாள் மாலையிலிருந்து வலி. குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள். அரக்கோணம் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்யும் டாக்டர் இருந்தார். எட்டு மணிக்குள் கொண்டுபோனால் இரண்டு உயிரும் தப்பலாம்.

ஐந்து நாற்பதுக்கு அம்மையார்குப்பம். காஞ்சனாவுக்கு இருபது வயதிருக்கும். பல்லைக் கடித்து முனகிக்கொண்டிருந்தாள். ஸ்டிரெச்சரில் படுக்க வைத்து, கைகள் கம்பளிக்குள் இருக்க, மேலே வாரால் கட்டினோம். துணைக்கு மாமியார் பாஞ்சாலி ஏறினாள். கோதண்டம் ஏறினார். கிருஷ்ணன் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் வந்து, எங்கேயும் நிற்காமல் போகும்படி கேட்டுக்கொண்டார். சரி என்றேன்.

5.52. கிளம்பினோம்.

பனி சுவரைப்போல் நின்றது. விளக்குக்கு யுத்த கால இருட்டடிப்பு மூடி. கண்ணாடியில் புகையிலையைத் தேய்த்திருந்தேன், பனி ஒட்டாது. அப்படியும் தலையை வெளியே நீட்டித்தான் ஓட்டினேன். சாலையோரப் புளியமரங்களில் வெள்ளைப் பட்டை அடித்திருந்தார்கள். ஒரு பட்டை தெரியும். பிறகு ஒன்றும் தெரியாது. பிறகு அடுத்த பட்டை. மணிக்குப் பதின்மூன்று மைல். அதற்குமேல் போனால் பள்ளத்தில் இறங்கலாம்.

6.04.

டொக்.

ஒரே தட்டு. தடுப்புப் பலகையில், தாழ்வாக. என் இடுப்புக்குப் பின்னால்.

நிறுத்தினேன். இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தேன். கோதண்டம் என்ன என்பதுபோல் பார்த்தார். தட்டவில்லை என்றார். கதவை மூடு, குளிர் வருகிறது என்றார். ஐந்து நிமிஷம் சக்கரம் சுற்றினேன். உள்ளங்கை உரிந்தது.

6.20.

டொக்.

அதே இடம்.

இந்த முறை கதவைத் திறந்தபோது கோதண்டம் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“எத்தினி வாட்டிய்யா தட்டுவே?”

“நா எங்க தட்னேன்? உன் காதுல மார்கழி பஜனை கோஷ்டி பூந்துகினு இருக்குது. போய்யா.”

வேறொரு நாள் என்றால் சிரித்திருப்பேன். பாஞ்சாலி உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். மருமகள் இந்த நிலையில் இருக்கும்போது எப்படித் தூக்கம் வருகிறது என்று எரிச்சலாக இருந்தது. மறுபடி சக்கரம். கரி புகைந்தது, பிடிக்கவில்லை. செயலாளரைத் திட்டினேன். யுத்தத்தைத் திட்டினேன். பிறகு பிடித்தது.

6.37. கே.ஜி.கண்டிகைக்கு இந்தப் பக்கம்.

டொக்.

வெளிச்சம் வந்திருந்தது. வெளிச்சம் மட்டும்தான். சாம்பல் நிறமாக இருந்தது வெள்ளையாகிவிட்டது. மரங்கள் இன்னும் இல்லை. நான் ஓடிப்போய்க் கதவை இழுத்தேன். கோதண்டம் தடுமாறி இறங்கினார். தலை பிளக்கிறது, வாந்தி வருகிறது என்றார். நான் வேண்டுமென்றே அவரைப் படுத்துகிறேன் என்று சொன்னார். அவர் வேண்டுமென்றே என்னைப் படுத்துகிறார் என்று நான் சொன்னேன். நடு ரோட்டில், இடுப்பில் கைவைத்துக்கொண்டு, இரண்டு பெரிய மனிதர்கள்.

“அப்போ முன்னால வந்து குந்து. தட்றது யாருன்னு பாத்துடலாம்.”

“ஆங். பாத்துடலாம்.”

மூன்றாவது விதி போயிற்று. அட்டெண்டர் நோயாளியை விட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

முன்னிருக்கைக்குக் கதவு கிடையாது. பனி நேராக முகத்தில் அடித்தது. சிறிது நேரத்தில் தலைவலி விட்டுவிட்டது என்றார். அப்போதுதான் கவனித்தேன். பின்னாலிருந்து முனகல் வரவில்லை. வலி தணிந்திருக்கிறது என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

6.54.

டொக்.

கோதண்டத்தின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

அவர் என்னைப் பார்த்தார். நான் சாலையைப் பார்த்தேன்.

நிறுத்தினேன். இருவரும் போனோம். திறந்தோம். காஞ்சனாவின் கைகள் கம்பளிக்குள். வார் இறுகியபடி இருந்தது. பாஞ்சாலி பின்பக்க மூலையில், கதவோரமாகச் சாய்ந்திருந்தாள். தடுப்புப் பலகை அவளுக்கு எட்டாது. தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“தூக்கமா வருது நைனா” என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

பலகைக்கும் ஸ்டிரெச்சருக்கும் நடுவே ஒரு முழ இடம். அங்கே யாரும் இல்லை. யாரும் இருக்க முடியாது.

கோதண்டம் காஞ்சனாவின் நாடியைப் பார்த்தார். கையை விட்டார். ஏறவில்லை. ஏறுங்கள் என்றேன். தலையசைத்து மறுத்தார். இங்கே வருமுன் பதினைந்து வருஷம் ஆஸ்பத்திரிகளில் அட்டெண்டர் வேலை பார்த்தவர் அவர். காலராப் பிணங்களைத் தோளில் சுமந்தவர்.

“நாடி ஓட்டமா ஓடுது. சீக்கிரம் போ. இனிமே தட்னாலும் நிக்காத.”

“விதி?”

“விதியைத் தூக்கிக் கொளுத்து. அந்தப் பொண்ணு சாவுது.”

கதவைச் சாத்தினேன். சாக்கு விலகியிருந்தது. அதையும் சரியாகத் திணித்தேன். என் கையாலேயே.

7.00. கிளம்பினோம்.

7.06.

டொக்.

நிற்கவில்லை.

டொக்.

நிற்கவில்லை. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தேன். கரி வாயு... அதற்குமேல் இழுக்காது. பதினைந்து மைல்.

டொக்... டொக்... டொக்...

ஒவ்வொன்றும் என் முதுகெலும்பில் இறங்கியது. கோதண்டம் காதைப் பொத்திக்கொண்டார். முருகனைக் கூப்பிட்டார். மலை எங்கேயோ பக்கத்தில்தான் இருந்தது. தெரியவில்லை.

டொக். டொக். டொக். டொக்.

வேகமாக.

இன்னும் வேகமாக.

7.15.

நின்றுவிட்டது.

ஒரு மரம் போயிற்று. இன்னொரு மரம் போயிற்று.

சத்தம் இல்லை.

தட்டலைத் தாங்கிக்கொண்டேன். இதைத் தாங்க முடியவில்லை.

பிரேக்கை மிதித்தேன்.

கதவு.

பாஞ்சாலி தரையில் கிடந்தாள். காஞ்சனா அசையவில்லை. இருவர் உதடுகளும் செக்கச் செவேலென்று இருந்தன. வெற்றிலை போட்டதுபோல். காஞ்சனா பதினான்கு மணி நேரமாக ஒன்றும் வாயில் வைக்கவில்லை.

“வெளிய தூக்கு” என்றார் கோதண்டம்.

ஸ்டிரெச்சரை ரோட்டில் வைத்தோம். பாஞ்சாலியை இழுத்துப் போட்டோம். கோதண்டம் கன்னத்தில் அறைந்தார், மார்பைத் தேய்த்தார், முகத்தில் தண்ணீர் தெளித்தார். பாஞ்சாலி வாந்தி எடுத்தாள். 7.24க்குக் காஞ்சனா ஒரு மூச்சு இழுத்தாள். பிறகு இன்னொன்று. தலைக்கு மேலே எங்கிருந்தோ கோயில் மணி கேட்டது.

நான் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தேன். பின்னறைத் தரைக்கு நேர் கீழே புகைக்குழாயின் மூட்டு விட்டிருந்தது. விரல் நுழையும் அளவு. பலகை இடுக்கு வழியாகப் புகை உள்ளே ஏறியிருக்கிறது. பெட்ரோல் புகை என்றால் நாற்றம் காட்டிக்கொடுக்கும். இதற்கு நாற்றமும் நிறமும் இல்லை. உதட்டைச் சிவக்க வைத்து, ஆளைத் தூங்க வைக்கும். பிறகு எழுப்பாது.

நாலு முறை கதவைத் திறந்தோம். நாலு முறையும் காற்று உள்ளே போயிற்று. ஐந்தாம் முறை தட்டியபோது திறக்கவில்லை.

சாக்குகளைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்தேன். இரண்டு கதவையும் திறந்து கட்டிவிட்டுப் போனோம். கோதண்டம் பின்னால் ஏறினார். 8.22க்கு அரக்கோணம். 8.50க்குக் குழந்தையை எடுத்தார்கள். பெண். மூச்சு இல்லை. தாய் பிழைத்தாள்.

குழந்தை உள்ளேயே இறந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும் என்றார் டாக்டர்.

கணக்குப் போட்டுப் பார்க்க எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை.

பாஞ்சாலி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கோபப்படவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

“வழி நெடுக நின்னு நின்னு வந்தியே நைனா. நிக்காம வந்திருந்தா கொழந்த பொழச்சிருக்குமே.”

நான் என்ன சொல்வேன்? நின்றதால் நீ உயிரோடிருக்கிறாய். நிற்காததால் குழந்தை போயிற்று. இதைச் சொல்ல வாய் திறந்தேன். தட்டியது யார் என்று அவள் கேட்பாள். மூடிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் செயலாளரிடமிருந்து கடிதம் வந்தது. நோயாளி ஏறிய பின் ஐந்து முறை நிறுத்தியதற்கு எழுத்து மூலம் விளக்கம் வேண்டும். நேரில் போய்க் குழாயைப் பற்றிச் சொன்னேன். பழுது பார்த்தாகிவிட்டதல்லவா என்றார். சாக்கு அடைக்கக் கூடாது என்றேன். விதியை மாற்றக் கமிட்டி கூட வேண்டும், கமிட்டி தைப்பூசத்துக்குப் பிறகுதான் என்றார். ஐந்து முறை நிறுத்தியது ஏன் என்று மறுபடி கேட்டார். பனி என்றேன். எழுதிக் கொடு, ஓட்டப் புத்தகத்திலும் எழுது என்றார். இரண்டிலும் எழுதினேன். மறுநாள் வண்டிக்குப் புதுச் சாக்குகள் வந்திருந்தன.

அரக்கோணத்தில் குழாயைப் பற்றவைத்த மிஸ்திரிதான் முதலில் வாயைத் திறந்தார். போன மார்கழியிலும் இதே மூட்டைத்தான் பற்றவைத்தாராம். அன்று பின்னறையில் வந்த நோயாளியும் அட்டெண்டரும் வண்டியிலேயே இறந்திருந்தார்கள். அட்டெண்டர் பெயர் சுப்பிரமணி. குளிர் தாக்கி இறந்ததாக எழுதினார்கள். அதன்பின் பத்து மாதம் வண்டி ஷெட்டில் கிடந்தது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். செத்தும் வேலையை விடாத ஒரு நல்ல அட்டெண்டர். பயம் போகவில்லை, ஆனால் ஒரு வகையில் ஆறுதலாக இருந்தது. அவர் பெயரைச் சொல்லி மலையில் ஒரு தேங்காய்கூட உடைத்தேன்.

அன்று வண்டி ஓட்டிய ஆதிகேசவன் கனகம்மாசத்திரத்தில் இருப்பதாகத் தெரிந்தது. மாசி மாதம், பகல் பதினோரு மணிக்கு, போய்ப் பார்த்தேன். பஸ் நிற்கும் இடத்தில் வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னேன். கட்டுவதை நிறுத்தவில்லை. நடந்ததைச் சொன்னேன். சுப்பிரமணிதான் எங்களைக் காப்பாற்றினார், அவர்தான் தட்டினார் என்றேன்.

கயிறு அவர் கையில் நின்றது.

“அவன் தட்டல.”

“இல்லீங்க, நா சொல்றது...”

“கேளு. அன்னிக்கி நா அஞ்சு வாட்டி நின்னேன். அஞ்சு வாட்டியும் எறங்கிப் போய்த் தொறந்தேன். நா தட்டல, நா தட்டலன்னு கோயில் பக்கம் கை நீட்டிச் சத்தியம் பண்ணான் சுப்பிரமணி. ஆறாவது வாட்டி நா நிக்கல. அப்புறம்தான் அவன் செத்தான்.”

அதற்கு முன் அந்த வண்டியில் யார் இறந்தார்கள் என்று கேட்டேன்.

“யாருமில்ல” என்றார். “சென்னையில பாடி கட்டி வந்த புது வண்டி. அதான் மொத சவாரி.”